முந்நூற்று நாற்பது அட்டைகள்

"என் அட்டைகளைக் கீழ போட்டது யாருய்யா?"

கம்ப்யூட்டர் சென்டர் ஜன்னலில் ஓங்கித் தட்டினான் அந்தக் கடைசி வருஷ மாணவன்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை, அட்டை நிறைய ஓட்டை. அவனுடையது முந்நூற்று நாற்பது அட்டைகள். ஒன்று இடம் மாறினாலும் போச்சு.

இங்கே நாற்பது, ஐம்பது மாறிக் கிடந்தன. விடை வரவேண்டிய தாளில் வெறும் பிழைப் பட்டியல்தான் வந்திருந்தது.

ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார்.

"நீங்க குடுத்தபடியேதான் மெஷின்ல வச்சேன், தம்பி."

"பொய்! நேத்தே ஒவ்வொண்ணாச் சரிபார்த்து டப்பாவுல அடுக்கிட்டேன். காலைல அப்படியே கொண்டுவந்து உங்க கையில குடுத்தேன். நடுவுல பேயா வந்து கலைச்சுது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவனுக்கு இன்னும் ஏறியது.

"சம்பளம் வாங்கறீங்கல்ல? ஒரு டப்பாவை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?"

சத்தம் கேட்டு சென்டர் தலைவர் வந்துவிட்டார்.

"இதோ பாருப்பா, புராஜெக்ட் ஓட்ட இன்னிக்குக் கடைசி நாள். ஒருத்தருக்கு ஒரு தடவைதான் ஓட்டுவோம். எங்க தப்புன்னாதான் ரெண்டாவது தடவை. உன் தப்புன்னா அடுத்த வருஷம் வா."

அடுத்த வருஷமா! அக்கா தையல் மெஷின் மிதித்துத்தான் அவனைப் படிக்க வைக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் மிதி என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"சார், என் தப்பில்ல சார்... எங்க அக்கா..." கையைக் கூப்பினான்.

ஆபரேட்டர் கலைந்து கிடந்த அட்டைகளைப் பார்த்தார். அவன் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

"நான்தான் சார் கீழ போட்டுட்டேன். கை தவறிடுச்சு."

"கேட்டீங்களா சார்?" எண்ணெயில் விழுந்த கடுகாய் வெடித்தான் இவன். "இவ்வளவு நேரம் என் தலையில மிளகாய் அரைச்சிருக்காரு!"

"எழுதிக் குடு. இவருக்கு மெமோ போடறேன்" என்றார் தலைவர். நாலு வரி போதும் என்றுதான் சொன்னார். இவன் ஒரு பக்கம் எழுதினான்.

மத்தியானம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து அட்டைகளை வரிசைப்படுத்தினான். மெஷின் மறுபடி ஓடியது. விடை டாண் என்று வந்து விழுந்தது.

தாளையும் அட்டைக் கட்டையும் நீட்டிய ஆபரேட்டர் சொன்னார்:

"அடுத்த தடவை கட்டு மேல மூலைக்கு மூலை சாய்வா ஒரு கோடு இழுத்து வைங்க, தம்பி. எங்க விழுந்தாலும் கோட்டைப் பார்த்து அடுக்கிடலாம்."

"நீங்க ஒழுங்கா இருந்தா கோடு எதுக்கு?"

நன்றிகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று நடந்தான்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. செருப்பை உதறிய வேகத்தில் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தான்.

"பொறுப்பில்லாத ஜென்மம்க்கா! மெமோ எல்லாம் பத்தாது. வேலையை விட்டே தூக்கணும்!"

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"அதெல்லாம் கிடக்கட்டும். பாஸாயிடுவியாடா?"

"ஆயிடுவேன்."

"அப்பாடா! இப்பதான் உசிரே வந்துது. காலைல நீ குளிக்கப் போனப்ப என் கை பட்டு அந்த டப்பா சாஞ்சு கொஞ்சம் அட்டை கொட்டிடுச்சுடா. சொன்னா கத்துவியேன்னு நானே ஒண்ணு விடாமப் பொறுக்கி, அழகா அடுக்கி வச்சிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி ஓட்டை அட்டைதானே!"