தண்ணி சார்

முப்பிடாதியின் ஒன்றரை வயது மகளுக்கு ஆறு மாதம் சத்துமாவு கொடுத்தும் எடை கூடவில்லை. வாரந்தவறாமல் வயிற்றுப்போக்கு. ஒன்றிய அலுவலகத்தில் எல்லாத் துறை அதிகாரிகளும் கூடிய ஊட்டச்சத்துக் கூட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர் குளோரி எழுந்து சொன்னாள்: "மாவுல குறையில்ல சார். அதக் கரைக்கிற தண்ணிதான் சரியில்ல."

மறுநாளே, முப்பிடாதி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், குடிநீர்ப் பொறியாளர் அவள் தெருவுக்கு வந்து, சாக்கடைக்குள் உடைந்து கிடந்த குழாயை மாற்றிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி கூட்டம் நடந்தபோது முப்பிடாதி குழந்தையை இடுப்பில் வைத்தபடி அலுவலக வாசலில் நின்றாள். வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், "நீங்கதான் தண்ணி சாரா?" என்று கேட்டாள்.

"நான் விவசாயம்மா," என்றார் ஒருவர்.

"நான் ரேஷன்," என்றார் இன்னொருவர்.

கடைசியாக வந்த பொறியாளர், "ஆமாம்மா, நான்தான்," என்றார். சொல்ல நினைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

"தூக்கிப் பாருங்க சார்."