செட்டுக்குள் இன்னொருவர்

லிஸ்டை செட்டாக மாற்றும் லாம்டா என்ற ஒற்றை வரிக் கணினிக் கட்டளைதான் மனிதகுலம் எழுதியவற்றிலேயே பொய் சொல்லாத ஒரே வாக்கியம். லிஸ்டில் ஒருவர் பத்து முறை வரலாம். செட்டில் கடவுளே வந்தாலும் ஒரு முறைதான்.

எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போனபின் எங்கள் அலுவலக மாடிக்கு வருவது நான் மட்டும். வீட்டில் பேச ஆளில்லை; இங்கே நாற்காலிகளாவது நிறைய. ஆனாலும் காவலாளி அண்ணன் தினமும் ஆறு மணிக்குப் பூட்டுமுன் அறை அறையாகப் போய், "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூவுவார்.

"அண்ணே, சுவத்துக்கிட்ட எதுக்கு நலம் விசாரிக்கிறீங்க?" என்றேன். வாசலில் கார்டு தேய்த்தவர்களின் லிஸ்டை செட்டாக்கி, உள்ளே எத்தனை பேர் என்று காட்டும் புரோகிராம் ஒன்றையும் எழுதிக் கொடுத்தேன்.

முதல் நாளே இரண்டு பேர் என்று காட்டியது. இரண்டும் என் கார்டு எண்.

என் எண்ணை நீக்க இன்னொரு லாம்டா எழுதினேன். ஒன்று போனது. மற்றது அப்படியே இருந்தது.

அண்ணன் சாவியோடு வாசலில் நின்றார். "உள்ள ஒருத்தரை வெச்சுக்கிட்டு எப்படித் தம்பி பூட்டுறது?"

புரோகிராம் தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒவ்வொரு கதவாகத் திறந்து, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டேன். கடைசி அறையில் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பதில் வந்தால் காதில் விழ வேண்டுமே.