மிதவையில் இருவர்

"நாளைக்கு நான் உயிரோட கரை திரும்பலைன்னா, அதுக்கு என் வீட்டுக்காரர்தான் காரணம். நீங்க ஒருத்தராவது தெரிஞ்சு வச்சுக்கங்க."

சொன்னவள் பன்னிரண்டாம் அறைப் பெண். ஹோட்டல் கடற்கரையில் போட்டிருந்த உயரமான நாற்காலிக்கு அடியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டே பேசினாள். நாற்காலியில் இருந்த லைஃப்கார்டை எல்லோரும் நெட்டை என்பார்கள். அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

அவள் கணவர் இருபதடி தள்ளி, குடையின் கீழ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தனை வெயிலிலும் சட்டைப் பொத்தான் ஒன்றுகூடக் கழற்றவில்லை.

"அவரா? உங்க பையைக்கூட அவர்தானே தூக்கிட்டு வர்றாரு?"

"வெளியில தங்கம். கூட வாழ்ந்து பார்த்தாத்தான் தெரியும்."

"போலீஸ்ல சொல்லலாமே மேடம்."

"தழும்பு இருக்கான்னு கேப்பாங்க. அவர் கையை ஓங்கவே மாட்டார். உட்கார்ந்து திட்டம்தான் போடுவார். காலேஜ்ல நீச்சல்ல கப் வாங்கின மனுஷன்."

"மூணு நாளா தண்ணியில காலே நனைக்கலையே?"

"அதான் தம்பி பயமே. நாளைக்கு மட்டும் மிதவையை எடுத்துட்டுத் தூரமா போகலாம்ங்கிறார். ரெண்டு பேர் மட்டும்."

பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு குடையை நோக்கி நடந்தாள்.

அந்த ஹோட்டலில் எதுவும் அழுக்காக இருக்கக்கூடாது. காலையில் மணலைக்கூட ஓர் இயந்திரம் தலை சீவுவதுபோல் வாரிவிட்டுப் போகும். விருந்தாளியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். அதனால் நெட்டை யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள்மேலிருந்து கண்ணை எடுப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். நீல நிறக் காற்று மிதவையை அவள் தள்ள, கணவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். சட்டை அப்போதும் உடம்பில்தான் இருந்தது. மிதவையின் ஓரத்தை அவர் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. முகத்தில் ஈயாடவில்லை.

'கொலை பண்ணப் போறவன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்போல' என்று நெட்டை நினைத்தான். நாற்காலியிலிருந்து இறங்கி, தண்ணீர் ஓரத்திலேயே நின்றான்.

அவளும் ஏறிக்கொண்டு கையால் துழாவ, எல்லைக் கயிற்றைத் தாண்டியதும் மிதவை புரண்டது.

"காப்பாத்துங்க! தம்பி, என்னைக் கொல்றார்!"

ஒவ்வொரு வார்த்தையும் கரைவரை தெளிவாக வந்தது. கடைசி வார்த்தை முடிவதற்குள் நெட்டை தண்ணீருக்குள் பாய்ந்திருந்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கணவர் அவள் கழுத்தைக் கட்டிப் பிடித்து, தோளில் ஏறி, அவளைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தார். கண்கள் வெளியே பிதுங்கியிருந்தன. நெட்டை அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அந்தக் கைகள் அவன் தலையைப் பற்ற வந்தன. அவர் நெஞ்சில் காலை வைத்து ஒரே உதை விட்டான்.

"மேடம், என்னைப் பிடிச்சுக்கங்க."

அவளை இழுத்துவருவது அவன் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. மணலில் படுக்கவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். கடலில் மிதவை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

படகுக்காரர்கள் கணவரைக் கொண்டுவர அரை மணி நேரமாயிற்று. உயிர் இல்லை.

முதலுதவி அறையில், குண்டு என்று எல்லோரும் கூப்பிடும் அடுத்த ஷிஃப்ட் லைஃப்கார்டு, விபத்துப் படிவத்தோடு உட்கார்ந்தான். இருவரும் ஒன்றாகப் பயிற்சி முடித்தவர்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்த அவளுக்கு மேனேஜரே காபி கொண்டுவந்து கொடுத்தார்.

"பெரிய ஆளாயிட்டடா. அந்தம்மா உன்னைத் தெய்வம்ங்கிறாங்க. இனிமே எங்ககூடல்லாம் டீ குடிப்பியா?"

"சும்மா இருடா. ஒரு உயிர் போயிருக்கு."

"சரி, சொல்லு. இதை எழுதிக் கொடுத்தாத்தான் போலீஸ் உன்னை வீட்டுக்கு விடும். 'கூச்சலிட்டவர் யார்?'"

"அந்தம்மாதான். கரை பூரா கேட்டுச்சே."

"'மற்றவர்?'"

"சத்தமே இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாரு, அவ்வளவுதான்."

"'கைகள்?'"

"எது கிடைச்சாலும் பிடிச்சு மேல ஏறப் பார்த்தாரு. அவங்க தோள்ல. அப்புறம் என் தலையில."

குண்டுவின் பேனா நின்றது.

"நீ இழுத்துட்டு வர்றப்ப அந்தம்மா கால் என்ன பண்ணுச்சு?"

நெட்டை யோசித்தான். "ஒரே சீரா அடிச்சுக்கிட்டு..." பாதியிலேயே கண்ணாடிப் பக்கம் திரும்பினான்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

குண்டு படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மூழ்கறவனால கத்த முடியாதுன்னு பயிற்சியில சொன்னாங்களே. மூழ்கிட்டிருந்தது அவருடா."