வெயிலில் விரிந்த வேட்டி

வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. சோப்புப் பட்டும் போகாமல் சிவந்து, "பார்த்தியா அண்ணே? உன்னைக் கிழிச்சு அடுப்படிக் கரித்துணி ஆக்கப்போறாங்க. அப்பவும் நான் உன்கூடத்தான்!" என்று கெக்கலித்தது.

வேட்டி அத்தனை வார்த்தையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டது.

கிழிப்பதற்கு முன் காயட்டும் என்று வீட்டுக்காரி அதைக் கொடியில் போட்டாள். உச்சி வெயில் ஏற ஏறக் கறை வெளிறியது.

"ஐயோ, வெயில் எனக்கு ஆகாது! என்னை ஒரு மடிப்புக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கோ, அண்ணே!"

"அப்படியா தம்பி?" என்ற வேட்டி, அடித்த காற்றில் கடைசி மடிப்பையும் உதறி விரித்தது.

சாயங்காலம் கத்தரிக்கோலோடு வந்த வீட்டுக்காரி, வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, கல்யாணத்துக்கு இதையே கட்டிக்குங்க!"