தையல் மெஷின் பணம்

"போன வருஷம் குடுத்த பணத்துல வாங்கின தையல் மெஷின் எங்கம்மா?"

கணவனிடம் அடிபட்டு வெளியேறிய பெண்களுக்கு உதவும் அறக்கட்டளையின் அதிகாரியம்மா, அந்த ஒற்றை அறை வீட்டைக் கண்ணால் துழாவினார். மெஷின் என்ன, ஒரு நூல்கண்டுகூட இல்லை.

"வாங்கல மேடம்" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

"உன் புருஷன் வந்து பணத்தைப் பிடுங்கிட்டானா?"

"ஐயோ, இல்ல மேடம். நான்தான் செலவு பண்ணிட்டேன். எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது."

"அதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எல்லாருக்கும் மெஷினுக்குத்தானே குடுக்கறீங்க? வேற கேட்டா கிடைக்காதுன்னு பயந்துட்டேன்."

அதிகாரியம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணி பஸ் போயிடும். மீதியை ஆபீஸுக்கு வந்து சொல்லு."

"பதறாதீங்க மேடம். நான் இல்லாம அது கிளம்பாது."

ஆணியில் தொங்கிய சீருடைச் சட்டையை எடுத்துப் புடவைமேல் மாட்டிக்கொண்டாள். "டிரைவிங் ஸ்கூலுக்குக் கட்டினேன் மேடம்."

பத்து நிமிடத்தில் பஸ் கிளம்பியது.

"பொம்பளையா ஓட்டுது?" என்று முணுமுணுத்தார் பக்கத்து சீட்டுக்காரர்.

அதிகாரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க பொண்ணுதாங்க! பயப்படாம தூங்குங்க, ஊர் வந்ததும் எழுப்பறேன்."