ஒரு முழ வயர்

ஃபோனில் சார்ஜ் நிற்பதில்லை. சார்ஜர் வயரோ ஒரு முழம்தான். அதனால் மூத்தவள் அம்மாவின் தலைமாட்டில் சுவரோடு ஒட்டி நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. இனி வைத்தியமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று காலையில் டாக்டர் சொன்னதை மென்று விழுங்கிக்கொண்டு, மாமா, சித்தி, பெரிய தம்பி என்று விசாரிக்கிற எல்லோரிடமும் அதே பாட்டைப் பாடுகிறாள்: “பரவாயில்ல, இன்னைக்கு ஒரு டம்ளர் பால் குடிச்சாங்க.” மதிய வெயில் ஏறிய ஸ்டூலில் அந்தப் பால் ஆடை கட்டி அப்படியே இருக்கிறது. அம்மா கண்மூடிக் கிடக்கிறாள். மூத்தவள் கால் மாற்றி நின்று, வெளிநாட்டிலிருக்கும் கடைசித் தம்பியை அழைக்கிறாள். ரிங் போகிறது. அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றுகின்றன. “சின்னவன்கிட்டயாவது உண்மையச் சொல்லிடுடி. அவன் வந்து சேர ரெண்டு நாள் ஆகும்.”