மேஸ்திரியின் சந்தேகங்கள்

“இந்தப் படிக்கட்டைப் போட்ட ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள் மகள், கையில் அளவு டேப்போடு. “ஒன்பதாவது படி மட்டும் முக்கால் அங்குலம் உயரம் கூட. அதான் வர்றவங்க எல்லாரும் அங்க தடுக்குறாங்க.”

அந்த ஆள் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பா, நாற்பது வீடு கட்டிய மேஸ்திரி. “படிச்சவங்க சொல்லிட்டாங்க, கேட்டுக்கோ” என்றார் மனைவியிடம்.

கட்டட வடிவமைப்புப் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு மகள் விடுமுறைக்கு வந்து பத்து நாளாகிறது. பத்து நாளும் இதே கூத்துதான். சாப்பிட உட்கார்ந்தால் போதும், “ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கணும்னு அங்க சொல்லித் தர்றாங்க?” என்று ஆரம்பிப்பார். பதில் சொன்னால் “ஏன் அப்படி?” என்பார். அதையும் சொன்னால் “எங்க, வரைஞ்சு காட்டு” என்பார்.

நக்கல் பண்ணுகிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தப் படிப்பில் சேரும்போதே “செங்கல்லைக் கையால தொடாம கட்டடம் கத்துக்கப் போறியா?” என்று கேட்ட மனிதராயிற்றே. அம்மா மட்டும் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், முதல் வருஷ நோட்டுகளையும் வரைபடங்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போட மூட்டை கட்டினாள். மேஸ்திரி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். “இதையெல்லாம் யாராவது தூக்கிப் போடுவாங்களா?”

பரவாயில்லையே, அப்பாவுக்கும் உள்ளுக்குள் பெருமை இருக்கிறது என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். “நானும் உங்கூட வர்றேன். உங்க துறைத் தலைவரைப் பாக்கணும்.”

கடைசிப் பரீட்சையில் ஒரு பாடம் அவள் காலை வாரிவிட்டிருந்தது. வீட்டில் மூச்சு விட்டிருக்கவில்லை.

பஸ்ஸில் மெல்லக் கேட்டாள். “எதுக்குப்பா அவரைப் பாக்கணும்?”

“ஒரு விஷயம் இருக்கு.”

“என்னைப் பத்தியா?”

“உன்னைப் பத்தியும் பேச்சு வரும்ல?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறை வாசலை மிதித்ததும் அவள் உடைந்துபோனாள். “அப்பா, ஒரு பாடத்துல ஃபெயிலாயிட்டேன். சத்தியமா அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணிடுவேன். படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்கப்பா!”

மேஸ்திரி நின்றார். “எந்தப் பாடம்?”

“தூணும் உத்தரமும் எவ்வளவு எடை தாங்கும்ங்கிற கணக்கு.”

“அடிப்பாவி! தூண்லயா? எம் பொண்ணா?” தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தலைவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே பெஞ்சில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் மணி, அரை மணி ஆனது. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. நாளைக்கு இந்நேரம் அவருடைய வேலையிடத்தில் சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருப்போம் என்று முடிவே கட்டிவிட்டாள்.

கதவு திறந்தது. துறைத் தலைவர் அப்பாவின் கையைக் குலுக்கி அனுப்பிவைத்தார். மேஸ்திரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

“என் பேரை எடுத்துட்டாங்களாப்பா?” என்றாள்.

மேஸ்திரி இரண்டு பக்கமும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்தே இராத ஒரு கூச்சத்தோடு காதருகே குனிந்தார்.

“முதல் வருஷத்துல எனக்கு இடம் குடுத்துட்டாங்க, இங்க நான் உன்னை ‘அக்கா’ன்னுதான் கூப்பிடணுமா?”